குட்டி வாங்க வருபவரை வீட்டுக்குள் விடலாமா?

இனப்பூனைக் குட்டி ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் புத்திமதி "நேரில் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதே" என்பதுதான். அதைக் கேட்டுக்கொண்டு பிரீடருக்கு, அதாவது இனப்பூனைகளை வளர்த்துக் குட்டி எடுத்து விற்பவருக்கு, போன் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?" என்கிறார் ஒருவர். "குட்டிகளுக்கு இன்னும் ஊசி போடலைங்க, இப்ப யாரையும் உள்ளே விடுறதில்லை" என்று பதில் வருகிறது. கேட்டவருக்கு உடனே சந்தேகம் தட்டுகிறது, எதையோ மறைக்கிறார்கள் போலிருக்கிறதே என்று. பதில் சொன்னவருக்கோ மனத்தாங்கல். ராத்திரி பகல் பாராமல் வளர்க்கிறோம், நம்மைப் போய் இப்படி நினைக்கிறார்களே என்று.

கதவைத் திறக்க மறுப்பவர்களில் இரண்டு தரப்பினர் இருப்பதால் வருகிற வினை இது. பூனைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்ப்பவரும் மறுக்கிறார். தாய்ப்பூனைகளைக் கூண்டில் அடைத்துப்போட்டு ஈத்துக்கு மேல் ஈத்து எடுப்பவரும் மறுக்கிறார். இருவர் வாயிலிருந்து வரும் காரணமும் ஒன்றே, நோய் தொற்றிவிடும் என்பது. போனில் கேட்பவருக்கு இவர் யார், அவர் யார் என்று எப்படித் தெரியும்? எனவே அந்தக் காரணத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நிறையவே இருக்கிறது. பிரீடர்கள் நினைத்தாலே கலங்குவது பான்லூகோபீனியாவுக்கு. பூனைப் பார்வோ என்றும் சொல்வார்கள். குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்கி, ரத்தத்தின் வெள்ளையணுக்களை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும் வைரஸ் இது. காலையில் ஓடி விளையாடிய குட்டி மறுநாள் இல்லாமல் போவதும் உண்டு. சினையாக இருக்கும் பூனைக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் குட்டிகளின் சிறுமூளை வளராமல் போய், பிறந்தபின் அவை வாழ்நாள் முழுக்கத் தள்ளாடித்தான் நடக்கும். இந்த வைரஸ் வீட்டுக்குள் சாதாரண வெப்பநிலையில் ஒரு வருடம் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. நோயுள்ள பூனை வாசல்படி ஏற வேண்டியதே இல்லை. செருப்பின் அடி, பேன்ட்டின் ஓரம், கைப்பை எதில் வேண்டுமானாலும் ஏறி வந்துவிடும்.

வருபவர்கள் பெரும்பாலும் கையில் சானிட்டைசரைத் தடவிக்கொண்டு, சுத்தமாகிவிட்டோம் என்ற நிம்மதியோடு தரையில் உட்காருகிறார்கள். ஆல்கஹால் சேர்ந்த சானிட்டைசர் இந்த வைரஸை ஒன்றும் செய்வதில்லை. நீர்த்த பிளீச்சிங் கரைசல் கொல்லும், ஆனால் அதைக் கையில் ஊற்ற முடியாது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையில் ஒட்டியிருப்பது தண்ணீரோடு போகும், அவ்வளவுதான். அப்புறம் உடை. மடியில் ஏறிய குட்டி முதலில் செய்வது சட்டை நுனியைக் கடித்து இழுப்பது. அதே சட்டையில் வழியில் ஒரு தெருப்பூனை வந்து உரசியிருந்தால், கழுவிய கைகளால் என்ன பயன்?

தடுப்பூசி போட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புச்சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. ஆனால் அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், ஒரே ஈத்தில் பிறந்தவற்றிலும்கூட. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். நடுவில், தாய் கொடுத்தது தீர்ந்தும் ஊசி தருவது இன்னும் சேராமலும் ஓர் இடைவெளி வரும். அந்தச் சமயத்தில் குட்டிக்குக் காவல் என்று எதுவும் கிடையாது. இதை ஒரு தடவை பட்டு அறிந்த பிரீடர் கதவைச் சாத்திக்கொள்வதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றும் பெரிய தலைவலி. உயிரை எடுக்காது, ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் வீட்டிலுள்ள அத்தனை பூனைகளுக்கும் மாதக்கணக்கில் மருந்துக் குளியலும் மாத்திரையும்தான். அதன் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் தரைவிரிப்பிலும் சோபாவிலும் ஒளிந்திருக்கும். பெர்சியன் போன்ற நீள்முடி இனங்களில் இது லேசில் போகாது. மனிதருக்கும் தொற்றும். சளியையும் வாய்ப்புண்ணையும் கொண்டுவரும் கலிசிவைரஸும் உலர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இந்த மூன்றையும் வீடு வீடாகச் சுமந்துபோவதற்கு, ஒரே நாளில் நாலைந்து பிரீடர்களின் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆர்வக்காரரைவிடச் சிறந்த வாகனம் இல்லை. ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலர் ரத்தப்புற்று வைரஸையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பயமுறுத்துகிறார்கள். அது வெளியில் வெகுநேரம் பிழைப்பதில்லை. உடையிலும் செருப்பிலும் ஒட்டிவந்து பரவுகிற நோயில்லை அது.

நோயை விட்டுவிட்டாலும் தாய்ப்பூனை இருக்கிறது. குட்டி போட்ட முதல் இரண்டு வாரங்களில் அறிமுகமில்லாத காலடிச் சத்தமும் வாசனையும் அதைக் கலவரப்படுத்தும். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கட்டிலடிக்கும் அலமாரிக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அபூர்வமாக, மிரண்ட தாய் குட்டிகளை ஒதுக்கிவிடுவதும் உண்டு. பிரீடரின் சொந்தப் பாதுகாப்பும் இருக்கிறது. தனியாக வசிப்பவர் முகம் தெரியாத ஆட்களுக்கு விலாசம் கொடுக்கத் தயங்குவது நியாயம். விலை கூடிய பூனைகள் வீட்டில் இருப்பது தெரிந்தால் திருட்டும் நடக்கும். பொழுதுபோகக் குட்டியைக் கொஞ்சிவிட்டுப் போகலாம் என்று வருபவர்களையும் எல்லா பிரீடர்களும் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், கதவு திறக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எப்போது, யாருக்கு என்பதில்தான் பேச்சு.

நேரில் போகிறவருக்குத் தெரியவருவதில் பாதியைப் படத்தில் காட்டவே முடியாது. முதலில் வாசனை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் அம்மோனியா நெடி ஏறினால் அந்த வீட்டில் மணல் தட்டுகள் நாள்கணக்கில் மாற்றப்படவில்லை, அல்லது இடத்துக்கு மீறிய பூனைகள் இருக்கின்றன. பிறகு குட்டிகள். ஆள் வந்தால் கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு நிமிடத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு மோப்பம் பிடிக்க வருபவை மனிதரோடு வளர்ந்தவை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பதுங்கிச் சீறுபவை அப்படி வளரவில்லை. இந்த வித்தியாசம் காலத்துக்கும் நிற்பது. பூனைக்குட்டி மனிதரை நம்பப் பழகும் பருவம் 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரைதான் என்பது விலங்கு நடத்தை ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட விஷயம். அந்த நாள்களில் ஒருவருக்கு மேற்பட்ட கைகள் தொட்டு வளர்த்த குட்டி அந்நியரைக் கண்டு மிரள்வது குறைவு. பின்னறையில் கூண்டுக்குள் அந்த வாரங்களைக் கழித்த குட்டியிடம் அதைப் பின்னால் முழுதாக ஈடுசெய்ய முடிவதில்லை.

தாயைப் பார்ப்பது இன்னும் முக்கியம். இங்கே புதியவர்கள் அடிக்கடி தப்புக் கணக்குப் போடுகிறார்கள். படத்தில் புசுபுசுவென்று இருந்த பூனை நேரில் மெலிந்து, முடி கொட்டி நிற்பதைப் பார்த்து, பட்டினி போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாலைந்து குட்டிக்குப் பால் கொடுத்த தாய் அப்படித்தான் இருக்கும். முலைக்காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, அடிவயிறு தொங்கி இருப்பது அதுதான் அசல் தாய் என்பதற்கு அடையாளம். சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை. தாய் என்று காட்டப்படும் பூனை பளபளவென்று, வயிறு ஒட்டி, குட்டிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோபாவில் படுத்திருந்தால் கேள்வி கேளுங்கள். எங்கிருந்தோ வாங்கிவந்த குட்டிகளுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பூனையை உட்காரவைத்துக் காட்டுவது இந்த வியாபாரத்தில் பழைய தந்திரம். தகப்பனான கடுவன் (ஆண்பூனை) அங்கே இல்லாததை மட்டும் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைசேர்க்கத் தாயை வேறொருவரின் கடுவனிடம் கொண்டுபோய் வருவது சகஜம்.

தாயோடு பார்ப்பது எவ்வளவு பெரிய காவல் என்பதை இங்கிலாந்து சட்டமாகவே எழுதியது. கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்தைச் சேர்ந்த லூசி என்ற பெண்நாயை வேல்ஸில், நாய்க்குட்டிகளை விற்பனைக்காகவே பெருக்கும் ஒரு பண்ணையிலிருந்து 2013-ல் மீட்டார்கள். வருடக்கணக்கில் கூண்டில் அடைபட்டு, குட்டி போட்டே ஓய்ந்துபோன நாய் அது. முதுகெலும்பு வளைந்திருந்தது. 2016-ல் இறந்தது. அதன் பெயரால் நடந்த இயக்கத்தின் பலனாக, 6 மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர்கள் விற்பதைத் தடைசெய்யும் சட்டம் 2020 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. வாங்க விரும்புபவர் நேரே பிரீடரிடம் போக வேண்டும், இல்லையென்றால் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும். உரிமம் பெற்ற நாய் பிரீடர்கள் குட்டியை அது பிறந்த இடத்திலேயே தாயோடு காட்டியாக வேண்டும். கண்ணால் பார்க்க ஆளில்லாத இடத்தில்தான் லூசிக்கு நேர்ந்தது நேரும் என்ற தெளிவு இந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கிறது.

சட்டம் வந்த வேளையையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 23 அன்று, பிரிட்டனில் கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நிலையில் பார்வையெல்லாம் வீடியோ காலுக்கு மாறியது. வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர்கள் துணைக்குக் குட்டி தேடினார்கள். இல்லாத குட்டிகளின் படத்தைக் காட்டி முன்பணம் கறந்த மோசடிகளும் அந்தக் காலத்தில் பெருகின. வீடியோவின் பயன், ஆபத்து இரண்டையும் பிரீடர்களும் வாங்குபவர்களும் அப்போது ஒருசேரக் கற்றார்கள்.

இதையெல்லாம் வைத்து, நேரில் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மெயின் கூன் பூனைகளில் இதயத்தசை தடித்துப்போகும் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2005-ல் கண்டறியப்பட்டது. பெர்சியன்களில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாக்கும் மாற்றம் அதற்கு முந்தைய வருடம். இரண்டுக்கும் பரிசோதனை இருக்கிறது. எவ்வளவு சுத்தமான கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் குட்டியின் இதயம் கண்ணுக்குத் தெரியாது. தாய் தகப்பனின் மரபணுச் சோதனை முடிவையும் இதய ஸ்கேன் அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படிக்கத்தான் வேண்டும். மேலும், நேரில் பார்ப்பது புத்தியை மழுக்கவும் செய்யும். மடியில் ஒரு குட்டி குறுகுறுத்துத் தூங்கிவிட்டால், கேட்க வைத்திருந்த கேள்விகள் பாதி மறந்துபோகும். மோசமான விற்பனையாளர்களில் கெட்டிக்காரர்கள் இதை அறிந்து, வீட்டுக்கு வாருங்கள் என்று வருந்தி அழைக்கிறார்கள். காகிதங்களை வீட்டிலிருந்தபடியே படித்து முடித்துவிட்டுப் பிறகு குட்டியைப் பார்க்கப் போவது நல்லது.

சரி, எப்போது போவது? பூனைக்குட்டி தாயை விட்டுப் பிரியவேண்டிய வயதிலேயே இதற்கு விடை இருக்கிறது. பிரிட்டனின் ஜிசிசிஎஃப் என்ற பூனைப் பதிவுச் சங்கம் 13 வாரத்துக்கு முன்பு குட்டியைக் கொடுக்கக் கூடாது என்கிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளின் தகவல்களை வைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, 8 வாரத்துக்கு முன்பே பிரிக்கப்பட்டவை பின்னாளில் அதிகம் மூர்க்கம் காட்டுவதைக் கண்டு, 14 வாரம் வரை தாயிடம் விடுவதே நல்லது என்று பரிந்துரைத்தது. ஆக, முதல் ஊசி போட்டு ஓரிரு வாரம் ஆன பிறகும், குட்டி கைமாறுவதற்கு முன்பும், ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. 10 அல்லது 11 வாரம் என்பது வந்து பார்க்கப் பொருத்தமான சமயம். குட்டியின் குணம் அப்போது நன்றாகத் தெரியும், தாயும் கூடவே இருக்கும், பருவங்களில் ஆக ஆபத்தானது கடந்திருக்கும். முழுக்காவல் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, அதனால் சுத்தத்தில் தளர்வு கூடாது. "ஊசி போடலை, வராதீங்க" என்று சொல்லிவிட்டு 8-வது வாரத்திலேயே குட்டியைக் கொண்டுபோகச் சொல்பவரின் பேச்சு எடுபடாமல் போவதும் இங்கேதான். தொற்றுக்கு அவ்வளவு பயப்படுபவர், ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே குட்டியை எப்படி ஊருக்குள் அனுப்புகிறார்?

அதனால் மறுப்பு வந்தால் கோபப்படாமல் "அப்ப எப்ப வரலாம்?" என்று கேட்டால் போதும். ஒழுங்கான பிரீடர் தேதி சொல்வார், நிபந்தனையும் சொல்வார். வேறு வீட்டுப் பூனையைத் தொட்டுவிட்டு அன்றைக்கு வராதீர்கள், துவைத்த உடையில் வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள், கூட்டமாக வராதீர்கள் என்பார். அதுவரைக்கும் வீடியோ காலில் காட்டுகிறேன் என்பார். மற்றவரிடம் தேதியே இருக்காது. பொது இடத்தில் வண்டியை நிறுத்திக் குட்டியைக் கைமாற்றலாம் என்பார், அல்லது நாங்களே கொண்டுவந்து தருகிறோம், பாதிப் பணத்தை இன்றே அனுப்புங்கள் என்பார்.

வீடியோ என்றால் அந்த நேரத்தில் நேரலையாகக் காட்டுவது. அனுப்பிவைத்த படமும் பதிவுசெய்த வீடியோவும் யாருடையதாகவும் இருக்கலாம். வாசலிலிருந்து குட்டிகள் இருக்கும் அறைவரை கேமராவோடு நடந்து வரச் சொல்லலாம். தாய் பக்கத்தில் படுக்கும்போது குட்டிகள் பால் குடிக்கப் போகின்றனவா என்று பார்க்கலாம். ஐந்து நிமிடம் போதும். இதற்கும் மறுப்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது உத்தமம். நோய்க்கிருமி போன் வழியாகப் போகாது.

வீட்டுக்கு வருபவர் என்ன பார்க்கலாம், எதைத் தொடலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். கூடத்தில் உட்காரவைத்து, கூடையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து காட்டினால் அது வீட்டைக் காட்டியதாகாது. குட்டிகள் வளரும் அறையைப் பார்க்க வேண்டும், வாசல்படியில் நின்றாவது. சினைப்பூனையும் பச்சைக்குட்டிகளும் இருக்கும் அறைக்குள் கால் வைக்க உரிமை கோருவது அதிகப்பிரசங்கம். எல்லாக் குட்டியையும் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்பதும் அப்படியே. தரையில் உட்கார்ந்தால் வர விரும்பும் குட்டி தானாக வரும். பணத்தைப் பொறுத்தவரை, பார்க்கும் முன் ஒரு சிறு முன்பணம் கேட்பதில் தவறில்லை, வேடிக்கை பார்க்க வருபவர்களை அது தடுக்கும். ஆனால் தாயைப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் அது திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சந்திப்பு தங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை பிரீடர்கள் குறைவாக எடைபோடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். போனில் எல்லாரும் நல்லவர்கள். நேரில் வந்தால்தான் குழந்தை குட்டியை வாலைப் பிடித்துத் தூக்குவதும், அதைப் பெற்றோர் சிரித்துக்கொண்டு பார்ப்பதும் தெரியும். கணவர் ஆசைப்பட, மனைவி வாசலோடு நின்றுவிடுவதும் தெரியும். மாடி வீட்டு ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டுமா, நகத்தை எப்படி வெட்டுவது என்று கேட்பவர் யார், கண் நிறத்தை மட்டும் கேட்பவர் யார் என்று தெரியும். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தால் ஒவ்வாமை வருபவர்கள் பலர். அரைமணி நேரத்தில் கண் சிவந்து தும்மத் தொடங்குபவருக்கு அந்தக் குட்டியைக் கொடுத்தால் மாதம் திரும்பும் முன் அது திரும்பி வரும். வீடு மாறி மாறி அலைவதைவிடப் பூனைக்குப் பெரிய கொடுமைகள் குறைவு. தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்கு மட்டும் உரியதில்லை, "உங்களுக்குக் குட்டி தருவதற்கில்லை" என்று சொல்ல பிரீடருக்கும் இந்தச் சந்திப்பு வழிவிடுகிறது.

தனியாக வசிக்கும் பிரீடர், தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கும் நாளில், அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் வரச்சொல்லலாம். கால்நடை மருத்துவமனையில் சந்திக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நோயுற்ற பிராணிகள் வந்துபோகும் இடத்துக்கு, ஊசி முழுதாக முடியாத குட்டியைக் காட்சிக்குக் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன இடத்தில் நிலைமை மோசமாக இருந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போவது அவசியம். கண்ணில் பீளை வழியும் குட்டியைப் பார்த்ததும், இதையாவது காப்பாற்றிவிடுவோம் என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த இரக்கத்தில் கொடுக்கும் பணம் அதே கூண்டில் அடுத்த ஈத்துக்கான செலவாகிறது, அந்தத் தாய்ப்பூனை மறுபடி சினையாகிறது. வாங்காமல் வெளியே வந்து, விலங்கு நலத்துக்குப் பொறுப்பான அமைப்புக்கு இடத்தையும் பார்த்ததையும் அன்றைக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், போட்டிருந்த உடையைத் துவைக்கப் போட்டுவிட்டு, குளித்த பிறகே அதைத் தொட வேண்டும்.